தலையில் பள்ளம், மேடு, தட்டை: எதைக் கண்டால் என்ன செய்வது

குன்றக்குடியிலோ பழனியிலோ மொட்டை போட்டுவிட்டுத் தலையில் சந்தனம் பூசும்போதுதான் பலருக்கும் அது முதன்முதலாகக் கையில் தட்டுப்படும். உச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம். பிடரிக்கு மேலே ஒரு முண்டு. காதுக்கு மேலே ஒரு பக்கம் கொஞ்சம் அமுங்கின மாதிரி. முப்பது வருடமாக முடிக்குள் சும்மா கிடந்தது அன்றைக்குத்தான் வந்தது போலத் தெரியும். ராத்திரி தூக்கம் போய்விடும்.

மூளையை மூடியிருக்கும் கூடு ஒரே எலும்பு இல்லை. 8 எலும்புகள், ரம்பப் பல் போலக் கோத்துச் சேர்ந்தது. சேர்ந்த கோட்டில் சிலருக்கு வரப்பு மாதிரி மேடு நிற்கும், சிலருக்கு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் ஓடும். இடமும் வலமும் அச்சில் வார்த்தது போல ஒத்திருக்கும் தலை யாருக்கும் கிடையாது.

ஆகவே பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்கு முன்னால், அதற்கு எவ்வளவு வயசு என்று பாருங்கள். எப்போதிலிருந்து இருக்கிறது, மாறிக்கொண்டே வருகிறதா, கூடவே வேறு என்ன இருக்கிறது: இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கீழே எந்தப் பகுதி உங்களுக்கு என்று தெரிந்துவிடும்.

இவை இருந்தால் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108

தலையில் அடிபட்ட பிறகு ஒரு நிமிடமாவது நினைவு தப்பியது, இரண்டு தடவைக்கு மேல் வாந்தி, வலிப்பு, ஒரு கை கால் சோர்வது, பேச்சுக் குழறல், இரண்டு கண்மணிகளும் ஒரே அளவாக இல்லாமல் இருப்பது. மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது. கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கன்றிப்போய்க் கறுப்பது. கைக்குழந்தைக்குக் காய்ச்சலோடு உச்சிக்குழி புடைத்து நிற்பது, அல்லது உச்சி உள்வாங்கிக் குழந்தை துவண்டு கிடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

முதலில் சரியாகத் தடவுங்கள்

நகத்தால் நோண்டக் கூடாது. நான்கு விரல்களின் சதைப்பற்றை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில், நெற்றியிலிருந்து பிடரி வரை மெல்ல இழுத்து வாருங்கள். ஒரு கையால் ஒரு பக்கத்தை மட்டும் தடவினால் எல்லாமே கோணலாகத்தான் தோன்றும். தோலைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். தோலோடு சேர்ந்து பள்ளமும் நகர்ந்தால் அது தோலில் அல்லது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் இருக்கிறது. தோல் நகர்ந்து பள்ளம் அங்கேயே நின்றால் எலும்பில்.

முடியை நனைத்து, படிய வாரிவிட்டு, மேலிருந்து ஒன்று, முன்னும் பின்னும் ஒவ்வொன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என்று 5 போட்டோ எடுங்கள். ஒரே தூரம், ஒரே வெளிச்சம். முற்றத்தில் காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்தால் நிழலில் பள்ளம் நன்றாகத் தெரியும். 4 வாரம் கழித்து அதே இடத்தில் அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். நடுவில் தினமும் தடவிப் பார்க்காதீர்கள். தடவத் தடவ அந்த இடம் நோகும், நோவு வந்ததும் பயம் இரட்டிக்கும்.

பெரியவர்களுக்கு: ரொம்ப நாளாக இருக்கிறது, மாறவில்லை, வலி இல்லை

பிடரியின் நடுவில், கழுத்துத் தசை தொடங்கும் இடத்துக்கு மேலே கூம்பிய முண்டு: பின்மண்டை எலும்பின் இயல்பான புடைப்பு. கழுத்துத் தசைநார் அங்கேதான் பிடித்திருக்கிறது. ஆண்களுக்குப் பெரிதாக இருக்கும், சிலருக்குக் கொக்கி மாதிரிக் கீழே வளைந்தும் இருக்கும். சுவரில் சாய்ந்தால் குத்துகிறது என்பதைத் தவிர அதனால் தொல்லை இல்லை.

காதுமடலுக்குப் பின்னால் கெட்டியான கட்டி போல இருப்பது காதுப்பின் எலும்பு. இரண்டு பக்கமும் இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தடவிவிட்டுக் கட்டி என்று பயந்து வருகிறவர்கள் நிறையப் பேர். அங்கே சிவந்து வீங்கி, காதுமடல் முன்னால் தள்ளி நின்று, காய்ச்சலும் இருந்தால் மட்டும் அது காதுச் சீழ் எலும்புக்குப் பரவியதன் அடையாளம். அன்றைக்கே காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போக வேண்டும்.

உச்சிக்குழி மூடிய இடத்துக்குப் பின்னால் குறுக்காகச் சேணம் போன்ற பள்ளம், உச்சி நடுவில் முன்பின்னாக ஓடும் வரப்பு, காதுக்கு மேலே வில் போல வளைந்த கோடு, இவை எல்லாம் எலும்பு சேர்ந்த இடமும் தசை பிடித்த இடமும்தான். பின்னுச்சியில் நடுக்கோட்டுக்கு இரு புறமும் சின்னக் குழி இரண்டு இருந்தால், அது ரத்தக்குழாய் போவதற்குப் பிறவியிலேயே அமைந்த துளையாக இருக்கலாம். சிலருக்கு அது குடும்பத்தில் தொடர்ந்து வரும். அப்பச்சியையும் (அப்பா) ஐயாவையும் (தாத்தா) தடவிப் பார்த்தால் அவர்களுக்கும் இருக்கலாம்.

இந்த வகைக்கு ஸ்கேன் தேவையில்லை, மருந்தும் இல்லை. மண்டையோட்டை உள்ளிருந்து நிரப்பும் சத்து மாத்திரை என்று விற்பதை வாங்காதீர்கள். வளர்ந்த எலும்பின் வளைவை எந்த எண்ணெயும் மாத்திரையும் மாற்றாது.

ஹெட்போன், ஹெல்மெட் பதிந்த கோடு

தோலும் முடியும் அழுந்தியது. கழற்றிய சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். எலும்பு அந்த எடைக்கு வளையாது. ஹெல்மெட் நெற்றியில் சிவந்த பள்ளம் விட்டுத் தலைவலியும் வந்தால் அளவு சிறியது. மாற்றி வாங்குங்கள், போடாமல் விடாதீர்கள்.

அடிபட்ட பிறகு பள்ளம்

இங்கே விரல் ஏமாற்றும். நிலையில் இடித்துக்கொண்ட தலையில் தோலுக்கடியில் ரத்தம் கட்டும்போது ஓரம் உறைந்து கெட்டியாகி, நடுவில் இளகலாக இருக்கும். தொட்டால் எலும்பு உள்ளே போய்விட்ட மாதிரியே இருக்கும், எலும்பு முழுசாக இருக்கும். இதற்கு நேர்மாறாக, எலும்பு நிஜமாகவே உள்ளே அமுங்கியிருந்தும் மேலே ரத்தம் நிரம்பி வெறும் வீக்கமாகத் தெரிவதும் உண்டு. ஆகவே அடிபட்ட பிறகு புதிதாகப் பள்ளம் தெரிந்தால் வீட்டிலே முடிவு கட்டக் கூடாது. சிடி ஸ்கேன்தான் சொல்லும்.

எலும்பை மீறி அடி விழுந்திருக்கிறதா என்பதற்கு, எதனால் அடி என்பது பெரிய துப்பு. தரையில் மல்லாந்து விழுந்தால் அடி பரவும். சுத்தியல், தேங்காய், கடப்பாரை முனை, மாட்டுக்கொம்பு என்று சின்னப் பரப்பில் பட்டால் எலும்பு உள்ளே குழிந்து உடையும். காணும் பொங்கலன்று சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய்வந்தவர் தலையில் அரை அங்குலக் காயம்தானே என்று தையல் மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரக் கூடாது. கொம்பு நுழைந்த துளை தோலில் சிறிதாகவும் எலும்பில் பெரிதாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரி போகும் வரை செய்ய வேண்டியது: ஆளைப் படுக்க வையுங்கள், கழுத்தை அசைக்காமல் தலையை இரு பக்கமும் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான வேட்டித் துணியைப் பல மடிப்பாக மடித்து, காயத்தைவிட அகலமாக வைத்து, ஓரங்களில் மட்டும் அழுத்துங்கள். பள்ளத்தின் நடுவில் கை வைத்து அழுத்தினால் உடைந்த சில்லு மூளையுறைக்குள் இறங்கும். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அறுவை அறையில் முதல் அரை மணி நேரம் அதைக் கழுவவே சரியாகப் போகும், சீழ் பிடிக்கவும் அதுவே வழி. சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம், மயக்க ஊசி தேவைப்படலாம்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து மண்டை அறுவை தேவைப்படுபவர்கள் பெரும்பாலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார்கள். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. முதல் இடத்திலேயே சிடி எடுக்க முடிந்தால் எடுத்து, படம் பதிந்த குறுந்தகட்டையும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சாலை விபத்தென்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

அமுங்கிய எலும்பு அதன் தடிமன் அளவுக்கு மேல் உள்ளே போயிருந்தால், அல்லது மேலே தோல் கிழிந்து காயம் திறந்திருந்தால், பொதுவாகத் தூக்கி நிமிர்த்துவார்கள். மூடிய காயம், கொஞ்சம்தான் அமுங்கல், மூளையுறை கிழியவில்லை என்றால் அப்படியே விட்டுக் கவனிப்பதும் உண்டு. டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைக் கேட்பார்கள், நினைவில் வையுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு, அடி லேசாக இருந்தாலும் சிடி எடுக்கச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்த ஐயாவுக்கு அன்று ஒன்றுமில்லை என்றாலும், 2 முதல் 6 வாரம் கழித்து நடை தள்ளாடுவது, பேச்சு மாறுவது, எப்போதும் தூக்கம் என்றால் அது வயசுக் கோளாறு அல்ல. மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தமாக இருக்கலாம். சின்னத் துளை போட்டு வடித்தால் பெரும்பாலும் ஆள் பழையபடி எழுந்து நடப்பார். அதனால்தான் இதைத் தவறவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறோம்.

3 வயதுக்குள் மண்டை எலும்பு விரிசல் விட்ட குழந்தையை, ஆறிவிட்டது என்று விட்டுவிடாமல் 2 அல்லது 3 மாதம் கழித்து ஒரு தடவை காட்டுங்கள். அபூர்வமாக விரிசல் கூடாமல் அகலமாகிக்கொண்டே போகும். அந்த இடத்தில் நாடி துடிப்பது போல மெத்தென்று புடைக்கும். அதற்கு அறுவை வேண்டும்.

கைக்குழந்தை: உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது

முன் உச்சிக்குழி சாதாரணமாக 9 முதல் 18 மாதத்துக்குள் மூடும், சிலருக்கு 2 வயது வரை இழுக்கும். பின் உச்சியில் இருப்பது 2 மாதத்துக்குள்ளேயே மூடிவிடும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அழாமல் இருக்கும்போது விரலை வையுங்கள். லேசாக உள்வாங்கி, நாடியோடு சேர்ந்து துடித்தால் அது இயல்பு. துடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

வாந்தி பேதிக்குப் பிறகு குழி ஆழமாகத் தெரிந்தால் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது. நம் பக்கத்தில் இதை உச்சி விழுந்துவிட்டது என்று சொல்லி, விளக்கெண்ணெய் வைத்து அப்புவார்கள். குடலேற்றம் என்று வயிற்றைத் தட்டுவார்கள், உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போவார்கள். உச்சி இறங்கியதைக் கண்டுபிடித்த அப்பத்தாவின் கண் சரியானது. மருந்துதான் மேலே வைப்பதில்லை, உள்ளே போக வேண்டியது. எண்ணெய் வைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் குழந்தை இன்னும் வற்றும்.

1 லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட் முழுவதையும், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரையுங்கள். கால் பாக்கெட்டைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் போட்டுக் கலக்குவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பயனில்லை. 2 வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி., ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பேதிக்குத் துத்தநாக மாத்திரையும் 14 நாள் தருவார்கள்: 6 மாதத்துக்குள் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். 2 மாதத்துக்குள்ளான குழந்தை என்றால் வீட்டில் கரைத்துப் பார்த்துக்கொண்டிராமல் நேரே டாக்டரிடம்.

6 மணி நேரமாக மூத்திரம் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் இறங்குகிறது, பால் குடிக்கக்கூடத் தெம்பில்லை என்றால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும்.

எண்ணெயை உச்சியில் தேய்ப்பதால் பெரிய கெடுதல் இல்லை. குளிக்க வைக்கும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி, ஆறாத நிமோனியாவாக உட்காரும்.

குழி புடைத்திருந்தால்: அழும்போதும் படுத்திருக்கும்போதும் புடைப்பது சாதாரணம். நிமிர்த்தி வைத்து, அமைதியாக இருக்கும்போதும் புடைத்து விறைப்பாக இருந்தால், காய்ச்சலோடு சேர்ந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், காய்ச்சல் இல்லாமல் தலை வேகமாகப் பெருத்தால் மண்டைக்குள் நீர் சேரும் நீர்த்தலையாக இருக்கலாம். காய்ச்சலோடு என்றால் உடனே 108, மற்றதற்கு அன்றைக்கே போக வேண்டும்.

பிறந்த குழந்தை தலையில் வீக்கம்

பிறந்த உடனே மெத்தென்று, எலும்புக்கோடுகளைத் தாண்டிப் பரவியிருந்தால் பிறப்புப் பாதையில் அழுந்திய வீக்கம். சில நாளில் வடியும். பிறந்து சில மணி நேரம் கழித்து, ஒரே எலும்பின் எல்லைக்குள் கெட்டித்து நின்றால் எலும்புறைக்கடியில் கட்டிய ரத்தம். அது கரைய சில வாரத்திலிருந்து 3 மாதம் வரை ஆகும். கரையும்போது ஓரம் கெட்டியாகி நடுவில் பள்ளம் போலத் தெரியும், பயப்படாதீர்கள். ஊசி போட்டு உறிஞ்சச் சொல்லாதீர்கள், சீழ் பிடிக்கும். ரத்தம் கரைவதால் மஞ்சள் காமாலை கூடலாம், அதை மட்டும் கவனியுங்கள். வீக்கம் கழுத்து வரை பரவி, குழந்தை வெளுத்துப்போனால் அது வேறு, அவசரம்.

பின்தலை ஒரு பக்கம் தட்டை

வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி இது. குழந்தை மல்லாக்கத் தூங்க வேண்டும், மூச்சு நின்று இறப்பதைத் தடுப்பது அந்தப் படுக்கைதான். அதற்குக் கொடுக்கும் சிறு விலை இந்தத் தட்டை. இதற்காகக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்காதீர்கள்.

ஏன் ஒரே பக்கம்? குழந்தை படுத்திருக்கும் அறையைப் பாருங்கள். வளவையொட்டிய (வீட்டின் நடு முற்றத்தை ஒட்டிய) அறையில் வெளிச்சம் வருவது முற்றத்துக் கதவு வழியாக மட்டும். தொட்டில் கிடக்கும் திசை மாறுவதே இல்லை. குழந்தை நாள் முழுக்க அந்த வெளிச்சத்தையும், அதில் வந்து போகும் முகங்களையும் பார்த்தே தலையைத் திருப்பிக்கொள்ளும். முதல் 2, 3 மாதத்தில் எலும்பு இளசு, திரும்பிய பக்கம் தட்டையாகிவிடும். தட்டையானதும் தலை தானாகவே அந்தப் பக்கம் உருளும், இன்னும் தட்டையாகும்.

மேலிருந்து பாருங்கள். தட்டையான பக்கத்துக் காது முன்னால் தள்ளியிருந்து, அதே பக்கத்து நெற்றியும் சற்று முன்னால் வந்திருந்தால், சாய்ந்த சதுரம் போல இருந்தால், படுக்கையால் வந்தது. காது பின்னால் இழுத்துக் கீழே இறங்கியிருந்தால், தட்டையான இடத்தில் எலும்பு வரப்பு தட்டுப்பட்டால், எலும்பு மூட்டு சீக்கிரம் மூடியிருக்கலாம். அதற்கு அடுத்த பகுதி.

பிறகு கழுத்து. தலையை மெல்லப் பிடித்து இரண்டு தோள்பட்டைக்கும் முகவாயைத் திருப்புங்கள். ஒரு பக்கம் திரும்ப மறுத்தால், கழுத்துத் தசையில் கடலை அளவு கட்டி தட்டுப்பட்டால், கழுத்துத் தசை இறுகியதுதான் மூலம். அதைச் சரி செய்யாமல் தலையை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் பலன் வராது. பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால், துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் வீட்டிலேயே இழுத்துப் பழக்கலாம்.

செய்ய வேண்டியவை எளிது. இன்று தலை வைத்த பக்கம் நாளை கால். பால் கொடுக்கும் கையை மாற்றுங்கள். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்திலேயே இருந்து, குப்புறப் போடுங்கள்: முதலில் 3 நிமிடம், நாளைக்கு 2, 3 தடவை, 2 மாதம் ஆகும்போது மொத்தம் நாளுக்கு அரை மணி நேரம் வரை. அழுதால் அப்பச்சியின் நெஞ்சில் குப்புறப் போட்டுக்கொண்டாலும் அதே கணக்குதான். தூளியில் போட்டால் துணி இரு பக்கமும் தலையை நெருக்கும், முகவாய் நெஞ்சில் முட்டும். ஆட்டித் தூங்க வைத்தபின் சமமான படுக்கைக்கு மாற்றுங்கள்.

கடுகுத் தலையணை, நடுவில் குழி வைத்த தலையணை எதுவும் 1 வயது வரை வேண்டாம். முகம் புதைந்து மூச்சு முட்டும். ஆயா குளிக்க வைக்கும்போது தலையை உருட்டி நீவுவதைக் கை பதமாகச் செய்தால் குழந்தைக்கு இதம்தான், உருவம் மாறுவது அதனால் அல்ல. அழுத்தி உருட்டினால் எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், உச்சிக்குழி மேல் கை போகும். அன்போடு சொல்லி நிறுத்துங்கள்.

4 மாதத்திலிருந்து உருளத் தொடங்கி, 6 மாதத்தில் உட்காரப் பழகும்போது தலை தானே தேறி வரும். மீதி இருப்பதை முடி மூடிக்கொள்ளும். அச்செடுத்துச் செய்யும் தலைக்கவசத்தை நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும், அது வேலை செய்வது 4 முதல் 12 மாத வயது வரை. நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடத்தி 2014இல் வெளிவந்த ஆய்வில், நடுத்தரம் முதல் கடுமையான தட்டைக்குக் கவசம் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் 2 வயதில் வித்தியாசமே தெரியவில்லை. நம் வெக்கையில் வேர்வையும் புண்ணும் வேறு. மிகக் கோணலான, கழுத்துப் பயிற்சிக்குப் பிறகும் தேறாத தலைக்கு மட்டும் யோசிக்கலாம் என்பதே எங்கள் எண்ணம்.

தலை நீளமாக, அல்லது நெற்றி நடுவில் கூர்மையாக

எலும்பு மூட்டு காலத்துக்கு முன் மூடினால் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே தலை வளர முடியாது, மறு திசையில் வளரும். உச்சி நடுக்கோடு மூடினால் படகு போல நீளமாக, பக்கவாட்டில் ஒடுங்கி இருக்கும். இதுவே அதிகம் காணப்படுவது. நெற்றி நடுக்கோடு மூடினால் மேலிருந்து பார்க்க முக்கோணம். நெற்றியின் ஒரு பக்கக் கோடு மூடினால் அந்தப் பக்கப் புருவம் ஏறி, நெற்றி உள்வாங்கும். நெற்றியில் லேசான வரப்பு மட்டும் இருந்து வடிவம் சரியாக இருந்தால் அது தானே மறையும்.

தையல்காரர் இஞ்சி டேப்பில் தலைச் சுற்றளவை மாதம் ஒரு தடவை எடுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலே, பின்தலையின் மிகப் புடைத்த இடம். மூன்று தடவை எடுத்துப் பெரிய எண்ணை எழுதுங்கள். பிறக்கும்போது 34, 35 செ.மீ.; முதல் 3 மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த 3 மாதம் 1 செ.மீ., பிறகு அரை செ.மீ.; 1 வயதில் 46 செ.மீ. அளவுக்கு வரும். எண் அப்படியே நின்றுவிட்டாலோ குதித்து ஏறினாலோ காட்டுங்கள். இங்கே நாள் கடத்தக் கூடாது: சின்னக் கீறலில் குழாய்க் கேமரா வைத்துச் செய்யும் அறுவை 3 முதல் 6 மாத வயதுக்குள்தான் முடியும், அதைத் தவறவிட்டால் திறந்து செய்யும் பெரிய அறுவை. மாவட்டத்திலுள்ள குழந்தைகள் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் முதலில் காட்டலாம்.

மண்டை எலும்பு அழுத்தினால் பந்து போல அமுங்கி நிமிர்வது பிறந்த சில வாரத்தில் சாதாரணம். 3 மாதத்துக்குப் பிறகும் இருந்து, நெற்றி புடைத்து, மணிக்கட்டு தடித்திருந்தால் வைட்டமின் டி குறைவு. முதல் வருடம் முழுக்க நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து கொடுத்து வந்தால் பெரும்பாலும் இது வராது.

பெரியவருக்குப் புதிதாக, மெல்ல ஆழமாகும் பள்ளம்

நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் குழி விழுவது எலும்பால் அல்ல, மெல்லும் தசை வற்றுவதால். பல் போனவர்கள், வயதானவர்கள், எடை இறங்கியவர்களுக்கு வரும். உணவு மாறாமல் எடை இறங்கியிருந்தால் சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் இவற்றைப் பாருங்கள்.

புழுவெட்டுக்குத் தலையில் ஸ்டீராய்டு ஊசி போட்ட இடத்தில் சின்னக் குழி விழலாம். மருந்து தோலையும் கொழுப்பையும் மெலிய வைக்கிறது. பெரும்பாலும் சில மாதத்தில் நிரம்பும், அதுவரை அதே இடத்தில் மறுபடி குத்தச் சொல்லாதீர்கள்.

நெற்றியிலிருந்து முடிக்குள் கத்தி வெட்டு போல நேர்கோட்டில் பள்ளம், அந்தக் கோட்டில் முடி இல்லை, தோல் மினுங்கி இறுகியிருக்கிறது என்றால் தோல் டாக்டரிடம் போங்கள். தோல் இறுகும் நோயின் ஒரு வகை அது. பரவுவதை மருந்தால் நிறுத்தலாம், விழுந்த பள்ளம் திரும்பாது. ஆகவே சீக்கிரம் போவதில்தான் ஆதாயம்.

முதியவருக்கு உச்சியின் இரு புறமும் சமமாகத் தட்டையாகிப் பள்ளம் தெரிந்தால் பெரும்பாலும் எலும்பு மெலிதல். ஒரே இடத்தில், வலியோடு, அழுத்தினால் இளகலாக, முதுகு வலியும் ரத்தசோகையும் சேர்ந்து வந்தால் எலும்பை அரிக்கும் நோய் உண்டா என்று பார்க்க வேண்டும்: எலும்பு தெரியும்படி எடுத்த சிடி, ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், புரதப் பிரிப்புச் சோதனை. சிறு பிள்ளைக்கு முதலில் நோவோடு வீங்கி, பிறகு அந்த இடம் குழிந்தால் அதையும் காட்டத் தாமதிக்காதீர்கள்.

மேடு

தோலோடு நகரும் உருண்டைக் கட்டி, முடி திருத்தும்போது சீப்பில் மாட்டுவது, பெரும்பாலும் முடிக்கால் நீர்க்கட்டி. பிதுக்கினால் சீழ் பிடிக்கும், பையோடு எடுத்தால்தான் திரும்ப வராது. கல் மாதிரிக் கெட்டி, நகராது, வலி இல்லை, வருடக்கணக்கில் அப்படியே என்றால் எலும்புக் கட்டி, தொந்தரவு இல்லாவிட்டால் விடலாம். குழந்தையின் புருவ ஓரத்திலோ தலையின் நடுக்கோட்டிலோ பிறந்ததிலிருந்து இருக்கும் கட்டியை ஸ்கேன் இல்லாமல் யாரும் கத்தி வைக்க விடாதீர்கள். நடுக்கோட்டுக் கட்டிக்கு உள்ளே மூளை வரை வேர் இருக்கலாம்.

மண்டை அறுவைக்குப் பிறகு பள்ளம்

துளை போட்ட இடத்தில் விரல் நுனி அளவு குழி நிற்பது எதிர்பார்த்ததே. எலும்பை எடுத்துவிட்ட இடம் என்றால், நிமிர்ந்து உட்கார்ந்ததும் உள்வாங்கும், படுத்தால் நிரம்பும். உட்கார்ந்தால் தலைவலி, தலைசுற்றல், கை பலவீனம் கூடி, படுத்தால் குறைகிறது என்றால் தோல் மூளையை அழுத்துகிறது. மூடும் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்ல அதுவே காரணம். வழக்கமாக 3 முதல் 6 மாதத்தில் மூடுவார்கள். வயிற்றுத் தோலுக்கடியிலோ குளிர்பெட்டியிலோ பாதுகாத்த சொந்த எலும்பு, இல்லையென்றால் டைட்டானியம் வலை அல்லது எலும்பு சிமென்ட். சொந்த எலும்பு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, பிறகு கரைந்து மறுபடி பள்ளம் விழுவது உண்டு.

மூடும் வரை நடக்கும்போதெல்லாம் தலைக்கவசம், அந்தப் பக்கம் படுக்காமை, மாடிப்படியில் துணை. ஆத்தங்குடி டைல்ஸ் நனைந்தால் வழுக்கும், குளியலறை வாசலில் ரப்பர் விரிப்பு போடுங்கள். தையல் ஓரம் சிவந்தாலோ கசிந்தாலோ, உள்வாங்கியிருந்த இடம் திடீரென்று புடைத்து விறைத்தாலோ அன்றே போங்கள்.

டாக்டரிடம் போகும்போது

தலை சிடி ஒன்றின் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவெர்ட், இயற்கையில் ஒரு வருடத்தில் நம் மேல் படுவதை ஒட்டியது. தேவைக்கு எடுக்கலாம், மன நிம்மதிக்கு எடுக்க வேண்டாம். உச்சிக்குழி திறந்திருக்கும் குழந்தைக்கு அல்ட்ராசவுண்டிலேயே பல விஷயம் தெரிந்துவிடும், அதை முதலில் கேளுங்கள். அறுவை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. தலைச் சுற்றளவு எழுதிய தாள், 4 வார இடைவெளியில் எடுத்த போட்டோக்கள், சாப்பிடும் மாத்திரைகள் கையில் இருக்கட்டும். ஒரு வயதில் மொட்டை போட்டு எடுத்த பழைய போட்டோ ஆல்பத்தில் கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள். அந்தப் பள்ளம் அப்போதே இருந்ததா என்று டாக்டர் அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.